ஆயில் குடிக்கும் புது எஞ்சினும் ஆவாரம்பாளையம் ஒர்க்‌ஷாப்பும்

மூன்று வயதுகூட ஆகாத கார் ஆயில் குடிக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் "டர்போன்னா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். என்னுடையது மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல். அது ஏன் ஆயில் குடித்தது என்பதை எனக்குச் சரியாகச் சொன்னது, கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே போர்டுகூட வைக்காமல் நடக்கும் ஒரு ஒர்க்‌ஷாப். இந்த விமர்சனம் அந்தக் கடையைப் பற்றியது. ஆனால் அங்கே போகவேண்டி வந்த கதையைச் சொல்லாமல் கடையின் அருமை புரியாது.

நான் நூல் கமிஷன் ஏஜென்ட். திருப்பூர், ஈரோடு, கரூர் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு ஒருநாள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் கீழ்க்கோட்டில்தான் ஒட்டியிருந்தது. சர்வீஸ் முடிந்து பாதித் தூரம்கூட ஓடவில்லை. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைத்தான் காட்டுகிறது. அது எரியும்போது எஞ்சினுக்குள் சேதம் தொடங்கியிருக்கலாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் கம்ப்ரஷனும் பார்த்தார்கள். "எரர் எதுவும் இல்ல சார், கம்ப்ரஷன் பக்கா. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைக்கும் நார்மல்தான்" என்றார் அட்வைசர். சில கார்களின் மேனுவலில் அரை லிட்டர் என்றும், சிலவற்றில் ஒரு லிட்டர் என்றும் அச்சிட்டிருப்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வீஸ் இடைவெளி பத்தாயிரம் கிலோமீட்டர். ஆயிரத்துக்கு அரை லிட்டர் என்றால் ஐந்து லிட்டர். என் எஞ்சினில் மொத்தம் பிடிப்பதே நாலு லிட்டருக்குக் கீழே! அந்த "நார்மலை" நம்பி பானெட்டைத் திறக்காமல் ஓட்டுகிறவருடைய எஞ்சின் அடுத்த சர்வீஸுக்கு முன்பே வறண்டுவிடும். இதைக் கேட்டதற்கு அட்வைசரிடம் பதில் இல்லை. டாப்-அப் செய்து, பில் போட்டு அனுப்பிவைத்தார்.

ஈரோட்டில் ஒரு நண்பர்தான் ஆவாரம்பாளையம் கடையைச் சொன்னார். போன் செய்தபோது அந்த ஓனர் முதலில் சொன்னது, "நாளைக்குக் காலையில எஞ்சின் ஆறினதும் அப்படியே எடுத்துட்டு வாங்கணா, வழியில ஆயில் மட்டும் ஊத்திராதீங்க" என்று. கடைக்குள் சமதளமாக ஒரு இடம் வைத்திருக்கிறார். வண்டியை அங்கே நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அளவைக் குறித்துக்கொண்டதும் அதை மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பார்த்தாராம்.

அதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில், எஞ்சின் சூடாகாத சின்னச் சின்ன ஓட்டங்களில் கொஞ்சம் பெட்ரோல் ஆயிலோடு கலந்துவிடும். அப்போது ஆயில் எரிந்தாலும் டிப்ஸ்டிக்கில் அளவு குறையாது. திடீரென்று ஒருநாள் ஹைவேயில் நீண்ட தூரம் ஓட்டினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி, அளவு ஒரேயடியாக இறங்கியது போலத் தெரியும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் பலர் தங்கள் வண்டி ஆயில் குடிக்கவில்லை என்று நினைப்பது இதனாலும் இருக்கலாம். சர்வீஸ் சென்டரில் ஒருவரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அப்புறம் கேள்விகள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை வருகிறதா? வால்பாறை போயிருக்கிறீர்களா, நாற்பது கொண்டை ஊசி வளைவும் கியரில் பிடித்தே இறங்கி, ஆழியாரில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது புகை வந்ததா? ஆக்சிலேட்டரை விட்டு கியரில் இறங்கும்போது காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, அதிகமாகும். வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் போயிருந்தால் ஆயில் அந்த வழியாக உள்ளே இழுபடும், அடுத்து மிதிக்கும்போது புகையாக வெளியே வரும். எனக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. ஹைவேயில் வேகமாக ஓட்டினால்தான் ஆயில் குறைகிறது என்றேன். தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் பைப்பைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். லேசான ஈரம் மட்டும், தேங்கி நிற்கவில்லை. கோளாறு டர்போ சீலில் இல்லை என்றார். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி வால்வின் டயாஃப்ரம், அதாவது உள்ளிருக்கும் சவ்வு, கிழியவில்லை. பல வண்டிகளில் அந்தச் சின்னப் பாகம் ஒன்றை மாற்றினாலே வேலை முடிந்துவிடுமாம், அதனால்தான் எஞ்சினுக்குள் கேமரா விடும் முன்பே அதைப் பார்த்துவிடுகிறார். பிறகு பிளக்கைக் கழற்றினார். மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் விளிம்பில் சாம்பல் படிந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்தப் பிளக் ஓட்டை வழியே போரோஸ்கோப் கேமராவை விட்டு, திரையை என் பக்கம் திருப்பிவைத்தார். பிஸ்டன் தலையின் நடுவில் கரி கட்டியிருக்கிறது. ஆனால் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் கரியே இல்லாமல், ஈரமாக, உலோகம் பளிச்சென்று தெரிகிறது. கீழிருந்து ஏறும் ஆயில் அந்த விளிம்பைக் கழுவிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். மற்ற இரண்டிலும் அந்த வளையம் மெல்லிசாகத்தான் இருந்தது.

கம்ப்ரஷனையும் அவர் தனியாகப் பார்த்தார். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. "கம்ப்ரஷன் நல்லாத்தானுங்க இருக்குது. அதை வெச்சு ஆயில் ரிங் நல்லா இருக்குதுன்னு சொல்ல முடியாதுங்க." பிஸ்டனில் மேலே இருக்கும் இரண்டு ரிங்தான் கம்ப்ரஷனைப் பிடிக்கிறது. மூன்றாவது, ஆயில் கன்ட்ரோல் ரிங். சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து, அதன் காடியிலிருக்கும் சின்ன ஓட்டைகள் வழியே கீழே அனுப்புவதுதான் அதன் வேலை. இப்போதைய எஞ்சின்களில் மைலேஜுக்காக ரிங்கின் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள், ஆயிலையும் மெல்லிசாக்கி 0டபிள்யூ-20 என்ற தண்ணி போன்ற கிரேடு வரை கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஓட்டைகளில் கரி அடைத்து, ரிங் காடிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டால், வழித்துவிட வேண்டிய ஆயில் சுவரிலேயே தங்கி எரிந்துபோகும். கம்ப்ரஷன் கேஜில் இது தெரியவே தெரியாது. சர்வீஸ் சென்டர் "பக்கா" என்று சொன்ன சோதனை, என் வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கக்கூடிய சோதனையே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கடைக்குக் கொடுத்த காசு தகும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினில் இதே தொல்லை வந்து, 2015-இல் அமெரிக்காவில் கம்பெனியே கூடுதல் வாரண்டி கொடுத்து பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தந்தது. அங்கே சோதனை அளவு 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், நம் கணக்கில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் அரை லிட்டர். சுபாரு மீது நடந்த வழக்கு 2016-இல் சமரசமாகி, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு எஞ்சின் வாரண்டி 8 வருடம் அல்லது 1 லட்சம் மைல் என்று நீண்டது. அங்கே வண்டிக்காரர்கள் அளந்து, எழுதி, சேர்ந்து கேட்டார்கள். இங்கேயும் அப்படிக் கேட்க முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, கடைக்கு வருகிறேன். பிளக் ஓட்டை வழியே கெமிக்கல் ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்து, ரிங்கில் ஒட்டிய கரியைக் கரைக்கும் வேலையை இவரே செய்கிறார். முடிந்ததும் மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, பிளக் இல்லாமல் எஞ்சினைச் சுற்றவிட்டு, ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். சிலிண்டருக்குள் திரவம் தேங்கியபடியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். நான் அந்த வேலையைச் செய்துகொடுங்கள் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். "உங்களுக்கு வாரண்டி இருக்குதுங்ணா. நான் கை வெச்சா அவங்க அதையே காரணம் சொல்லிருவாங்க. ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட்டை எழுத்துல கேளுங்க." கெட்டியான ஆயில் ஊற்றலாமா என்றதற்கும், மேனுவலில் அனுமதித்த கிரேடைத் தாண்ட வேண்டாம் என்றார். ஆயில் குறையாமல் தடுக்கும் என்று விற்கிற டப்பாக்களை அவர் கடையில் வைப்பதே இல்லை. வந்த வேலையை வேண்டாமென்று சொல்லி, 1,800 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு, கேமரா படங்களை என் போனுக்கு அனுப்பிவைத்தார்.

படங்களோடு மெயில் போட்ட பிறகு சர்வீஸ் சென்டரின் பேச்சு மாறியது. மேல்கோடு வரை ஆயில் ஊற்றி, ஊற்றும் மூடி, டிப்ஸ்டிக், கீழே டிரெயின் நட்டு மூன்றுக்கும் பெயின்டில் அடையாளம் வைத்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி வரச் சொன்னார்கள். திரும்பப் போய் அளந்தபோது 580 மில்லி குறைந்திருந்தது. அவர்கள் சொன்ன எல்லையையே தாண்டிவிட்டது. வாரண்டியில் பிஸ்டனும் ரிங்கும் மாறின. பாகம் வரும்வரை மாற்று வண்டி தரவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போது ஆயிரத்துக்கு நூறு மில்லிகூடக் குறைவதில்லை.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைக் கையால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார். சர்வீஸ் சென்டரில் அதை ஒருவரும் மதிக்கவில்லை, படங்கள்தான் வேலை செய்தன. இத்தனை திறமை உள்ளவர் லெட்டர்ஹெட்டில் தேதி, கிலோமீட்டர், அளவு எல்லாம் போட்டு அச்சடித்துக் கொடுத்தால் எத்தனை பேருக்கு உதவும்! மதியத்துக்கு மேல் போனை எடுப்பதில்லை. உட்கார ஒரு பெஞ்சு மட்டும். டீசல் வண்டி பார்ப்பதில்லை.

போவதாக இருந்தால் முந்தைய நாளே சொல்லிவிட்டு, காலையில் முதல் வண்டியாகப் போங்கள். கடைசியாக ஆயில் மாற்றிய பில், இடையில் ஊற்றிய டாப்-அப் அளவு, ஒவ்வொரு முறையும் ஓடோமீட்டரில் இருந்த கிலோமீட்டர் எல்லாம் எழுதிய தாள் ஒன்று கையில் இருக்கட்டும். அவர் முதலில் கேட்பது அதைத்தான். வாரண்டி முடிய இன்னும் சில மாதம்தான் இருக்கிறது என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், வரிசையில் உங்களை முன்னால் போட்டுவிடுவார்.