ஸ்ப்ளின்ட், நடைவண்டி, வீட்டு வேலை: மகனோடு ஆறு ஆண்டுப் புழக்கத்தில் கண்டவை

ஏழரை வயது மகனுக்காக இந்த ஆறு ஆண்டுகளில் நாங்கள் வாங்கியதும் செய்ய வைத்ததும் நிறைய. எது இன்றும் வீட்டில் புழங்குகிறது, எது பரணுக்குப் போய்விட்டது என்று எழுதி வைத்தால் இப்போதுதான் தொடங்கும் பெற்றோருக்கு உதவும்.

அவன் 31 வாரத்தில் பிறந்தவன். ஒன்றரை வயதாகியும் தானாக நிற்கவில்லை. நாங்கள் பிடித்து நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரி போட்டுக்கொள்ளும், குதிகால் தரையில் படாது. ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா, அதாவது கால்களை அதிகம் பாதிக்கும் மூளை முடக்குவாதம் என்றார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் உள்ளறைகளை ஒட்டிய வெண்பகுதி எளிதில் பாதிக்கப்படும். கால்களுக்குப் போகும் நரம்பு இழைகள் அந்த அறைகளுக்கு அருகிலேயே இருப்பதால் கைகளைவிடக் கால்களில் விறைப்பு அதிகம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அதற்குமேல் பெருகாது. ஆனால் எலும்பு வளர வளர, விறைத்த தசை அதற்கு ஈடுகொடுத்து நீளாது. அதனால்தான் வளரும் வயது முழுக்கக் கவனம் தேவைப்படுகிறது.

முதலில் போன பிசியோதெரபி மையத்தில் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே காலை இழுத்து நீட்டுவார்கள். அவன் அழும் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சில மாதத்தில் அதை விட்டுவிட்டு வேறு தெரபிஸ்ட்டிடம் மாறினோம். அவர் முதல் நாளே கேட்டது, "காலையில எழுந்ததுல இருந்து இவன் என்னென்ன செய்வான், யார் கூட இருப்பான்?" என்றுதான். ஒரு மணி நேரம் எங்கள் வீட்டு வழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். பயிற்சி முழுவதையும் அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்தார். எங்களுக்கு நிலைத்தது அதுதான்.

ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013-இலும் 2020-இலும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புகளும் இதையே சொல்கின்றன. குழந்தை தானாக முயன்று, அன்றாடம் தேவைப்படும் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பலன் உண்டு. அவனைப் படுக்கப்போட்டு மற்றவர் இழுத்து நீட்டுவதற்கு மட்டும் அப்படிப்பட்ட சான்று இல்லை.

எங்கள் வீட்டில் அது எப்படி நடக்கிறது என்றால், கால்சட்டை போடுவதில் தொடங்குகிறது. மணைக்கட்டையைவிடச் சற்று உயரமான ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து, குனிந்து, இரண்டு காலையும் உள்ளே விட்டு, முன்னால் இருக்கும் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து, ஒரு கையால் மேலே இழுக்க வேண்டும். தொடைக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கும் உட்கார்ந்து எழும் பயிற்சி இதிலேயே வந்துவிடுகிறது. பள்ளி வேன் வரும் நேரத்தில் இதற்குப் பொறுமை வேண்டும். ஆச்சிக்கு மனசு கேட்காமல் கை போகும். அவனோ, "விடு ஆச்சி, நானே போடுதேன்" என்பான். அதற்காகவே கால்மணி நேரம் முன்னதாக எழுப்புகிறோம்.

சின்ன வயதில் அவனை ஒக்கலில் தூக்கி வைத்துக்கொள்வதே ஒரு பயிற்சி என்று தெரபிஸ்ட் சொன்னபோது ஆச்சிக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு காலையும் நம் இடுப்பைச் சுற்றி விரித்து உட்கார வைக்கும்போது, கத்தரி போட வைக்கும் தொடையின் உள்பக்கத் தசை நீள்கிறது. இடதும் வலதும் மாற்றி மாற்றித் தூக்கச் சொன்னார். அப்புறம், மொச்சை உரிக்கும்போது பெஞ்சுக்கு முன்னால் முழந்தாளிட்டு நிமிர்ந்து நிற்பது, துணிக் கிளிப்பை எட்டிக் கொடியில் மாட்டுவது. ஒவ்வொன்றும் யாரோ எப்படியும் செய்யும் வேலை. அவனைச் சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். இதற்கென்று தனியாக வாங்கிய பெரிய பந்தும் சமநிலைப் பலகையும்தான் பரணில் கிடக்கின்றன.

பொருட்களுக்கு வருகிறேன். கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. ஸ்ப்ளின்ட்தான் அதிகம் பயன்பட்டது. மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில் வார்த்துத் தருவார்கள். போட்டதும் குதிகால் தரையில் படிகிறது, முழங்கால் நிலைக்கிறது. வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. சிக்கல் வெயில்தான். எங்கள் ஊர் சித்திரையில் உள்ளே வேர்த்துக் கொட்டும். தையல் மடிப்பு இல்லாத நீளமான பருத்திக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, மதியம் ஒருமுறை மாற்றுகிறோம். கழற்றியதும் தோலைப் பார்ப்பது எனக்கு விடாத பழக்கம். சிவப்புத் தடம் அரைமணி நேரத்தில் மறைந்துவிட்டால் பரவாயில்லை. மறையவில்லை என்றால் அந்த இடம் அழுத்துகிறது, செய்து கொடுத்தவரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும். ஒருமுறை கணுக்கால் எலும்புக்கு மேல் அப்படி ஆகி, தகட்டைச் சூடாக்கிக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கொடுத்தார்கள். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வளையும். வெல்க்ரோவில் நூலும் முடியும் சேர்ந்தால் பிடி போய்விடும், பழைய பல் துலக்கியால் எடுத்துவிடலாம். குழந்தை வளர வளர ஸ்ப்ளின்ட்டையும் மாற்றியே ஆக வேண்டும், அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

நடக்கப் பழக, தாத்தா ஆசையாக மர நடைவண்டி வாங்கி வந்தார். தள்ளியதும் வண்டி முன்னால் ஓடும், இவன் பின்னால் தொங்குவான். தெரபிஸ்ட் அதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அடிக்கட்டையில் மணல் மூட்டை வைத்துக் கட்டச் சொன்னார். கனம் ஏறியதும் வண்டி அவன் வேகத்துக்கு வந்தது. ஓராண்டு அதில்தான் திண்ணை வரை போய் வந்தான். ஆனால் முன்னால் இருக்கும் எதையும் தள்ளும்போது உடம்பு குனியத்தான் செய்யும். நிமிர்ந்து நடக்க, உடம்புக்குப் பின்னால் வரும் ரிவர்ஸ் வாக்கர் வந்தபிறகுதான் வழி பிறந்தது. பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தரையில் அருமையாக ஓடுகிறது. தெரு மணலில் சின்னச் சக்கரம் புதைகிறது. கோயில் திருவிழா மாதிரித் தூரம் அதிகமான இடத்துக்குச் சக்கர நாற்காலியில்தான் போகிறான். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நடந்து களைத்துப்போய் ராட்டினத்தைப் பார்க்காமல் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை எந்த அளவுக்கு நடமாடுகிறது என்று நிலை பிரிக்க ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று ஓர் அளவை உண்டு, 1997-இல் கனடாவில் உருவாக்கியது. ஐந்து நிலைகளில் இவன் மூன்றாவது, அதாவது கைப்பிடிக் கருவியோடு நடப்பவன். குழந்தை எந்த நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ஆறே மாதத்தில் ஓட வைக்கிறோம்" என்று சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காமல் இருக்க அது உதவும். இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்-ரே எடுப்பதையும் கேளுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது, ஆரம்பத்தில் வலி இல்லாமலே.

செலவைப் பற்றி ஒன்று. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, தெரபி இலவசம். மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிக்கும் ஒரு பகுதி தருகிறார்கள். தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் விசாரிக்கலாம். 1981 முதல் இயங்குகிறது, குழந்தைகளுக்கான ஆரம்பநிலைச் சிகிச்சையைக் கிராமங்களுக்கும் கொண்டுபோகிறார்கள்.

ரிவர்ஸ் வாக்கரைப் பழையதாக வாங்குவதானால் பின் சக்கரம் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பூட்டு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். உயரம் கூட்டும் துளைகளில் இன்னும் இரண்டு மூன்றாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டே சின்னதாகிவிடும்.