எரிபந்தத்துக்கு ட்ரைசைக்ளசோல் 75% தூள்: வானத்தைப் பார்த்து அடிக்க வேண்டிய மருந்து

நெல்லைத் தாக்கும் எரிபந்தம் என்ற பங்கசு (பூஞ்சை) நோய்க்கு ட்ரைசைக்ளசோல் நல்ல மருந்து, ஆனால் முன்கூட்டியே அடிப்பவருக்குத்தான். நோய்ப் பங்கசின் வித்து இலையில் முளைத்ததும், மெலனின் பூசிய சிறு குமிழ் ஒன்றை உண்டாக்கி, அதன் அழுத்தத்தால் இலையைத் துளைத்து உள்ளே போகும். ட்ரைசைக்ளசோல் அந்த மெலனினை உருவாக விடாது. ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பங்கசை அது கொல்லாது. கதிர் வெளுத்த பிறகு அடிக்கும் பைக்கட்டு வீண் காசு.

ஆகவே நாள் குறிப்பது வானிலைதான். இலை பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஈரமாக இருந்து, வெப்பநிலையும் 25 முதல் 28 பாகை செல்சியஸை ஒட்டி நின்றால் தொற்று வேகமாகப் பிடிக்கும். காலபோகத்தில், அதாவது மாரிப் பருவ நெற்செய்கையில், மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்து, வானம் மூடிக்கிடந்து, தையில் விடியப்புறப் பனி வெயில் ஏறும்வரை இலையில் நிற்கும்போது கவனம் தேவை. வன்னியின் இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ் பயிர் அந்நேரம் குடலையில் (கதிர் வெளிவராமல் மடலுக்குள் இருக்கும் பருவம்) இருந்தால் காத்திருக்க வேண்டாம். யூரியா கூடிப் பயிர் கரும்பச்சையாகத் தழைத்த வயலுக்கும், இடையில் தண்ணீர் வற்றிய மானாவாரி வயலுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

ஏக்கருக்கு 120 கிராம், 200 லீற்றர் தண்ணீர். 16 லீற்றர் டாங்கிக்கு 10 கிராம் அளவில் வரும். லேபிளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தூளை நேரே டாங்கியில் கொட்டினால் கட்டிபட்டு நொசில் அடைக்கும். சிறு வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, வடித்து ஊற்றுங்கள். அடியில் படியும் என்பதால் இடையிடையே கலக்க வேண்டும். முதல் தடவை குடலை முற்றும்போது, அடுத்தது கதிர் அங்கொன்று இங்கொன்றாக எட்டிப்பார்க்கும்போது. காலைப் பனியோடு அடித்தால் மருந்து வழிந்துவிடும், முற்பகலில் பூ விரிந்திருப்பதால் அப்போதும் வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்குப் பின், மூன்று நான்கு மணித்தியாலம் மழை வராது என்று தெரிந்தால் மட்டும் இறங்குங்கள்.

வெண்கதிர் எல்லாம் எரிபந்தம் அல்ல, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இழுத்தவுடன் கழன்று வந்து, தண்டில் துளை இருந்தால் அது தண்டுதுளைப்பான். கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்திருந்தால்தான் எரிபந்தம். இலையில் நடு சாம்பலாக, இரு முனையும் கூரான கண்வடிவப் புள்ளியைத் தேடுங்கள். வட்டமான பழுப்புப் புள்ளி, இலைமடலில் வரும் மடல் வெளிறல் ஆகிய வேறு நோய்களுக்கு இந்தத் தூளை நம்ப வேண்டாம்.

ஏற்றுமதிக்கு நெல் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அரிசியில் இந்த மருந்தின் எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் விதித்த எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். வாங்குபவரிடம் கேட்டுவிட்டே அடியுங்கள்.