84,000 போச்சு. காயில்ஓவர் வாங்குறவங்க பொருத்துறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் கம்பியை அளந்து பாருங்க

இன்னிக்குக் காலையில வீல் கழட்டிப் பார்த்தா, இடது முன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேலிருந்து கீழ்வரை எண்ணெய். பொருத்தி 23 நாள்தான் ஆச்சு. நாலு ஷாக், நாலு ஸ்பிரிங், மேல் மவுண்ட் எல்லாம் சேர்த்து 84,000 கொடுத்து வாங்கின காயில்ஓவர் செட், அதாவது உயரத்தை மாத்திக்கக்கூடிய சஸ்பென்ஷன். கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன், இன்னொருத்தர் இதே வலையில விழக்கூடாது. வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்னு கடைசியில தனியா சொல்றேன்.

கடை பெயரைப் போடலை. வண்டி மாடிஃபை பண்றவங்களுக்கான பாகங்களை மட்டும் விற்கிற ஆன்லைன் கடை.

நம்பினது எந்த இடத்துலன்னு முதல்ல சொல்லணும். விலையைப் பார்த்தோ படத்தைப் பார்த்தோ நம்பலை. போன்ல பேசின ஆள் கேட்ட கேள்விகள்தான் நம்ப வைச்சது. "முன்பக்கம் ஒரு மூலைக்கு எவ்வளவு எடை சார்? அதுல வீல், பிரேக், நக்கிள் (வீலைத் தாங்குற துண்டு) எடையைக் கழிச்சுட்டீங்களா? பேட்டரி பின்னாடி போயிடுச்சா?" இப்படிக் கேட்கிறவன் வேலை தெரிஞ்சவன்னுதான் யாருக்கும் தோணும். மூலை எடை 320 கிலோ, அதுல வீல், பிரேக், நக்கிளைக் கழிச்சா 280. உடனே கணக்குப் போட்டு, "முன்னாடி 6 கிலோ ஸ்பிரிங், பின்னாடி 4, மோனோட்யூப் ஷாக், 32 கிளிக்"னு சொன்னார். 6 கிலோ ஸ்பிரிங்னா ஒரு மி.மீ அமுக்க 6 கிலோ சுமை வேணும்; மோனோட்யூப்னா ஒரே குழாய்ல எண்ணெயும் அழுத்தமான வாயுவும் இருக்கிற ஷாக்; கிளிக்னா ஷாக்கோட இறுக்கத்தை மாத்துற படிகள். சரியான தேர்வுதான். ஷாக்கோட எதிர்ப்பு விசையை மெஷின்ல அளந்து போடுற டைனோ வரைபடம் ஒண்ணும் அனுப்பினார். அதுல விசை அச்சுல எண்ணே இல்லைங்கிறதை இப்பத்தான் கவனிக்கிறேன். வளைவு மட்டும் அழகா இருந்தது. அன்னிக்கே 84,000 போயிடுச்சு.

பெட்டி வந்தது. முதல் கோளாறு நக்கிளைப் பிடிக்கிற பிராக்கெட். அதோட ரெண்டு பக்கத் தகடுக்கும், அதாவது காதுகளுக்கு நடுவுல இடைவெளி 3 மி.மீ அதிகம். "ரெண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ ஷிம் (மெல்லிய தகடு) வச்சுக்கங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க"ன்னாங்க. அங்கேயே நிறுத்தியிருக்கணும். அந்த இடத்துல ரெண்டு போல்ட்டும் இறுக்கிப் பிடிக்கிற அழுத்தத்தால வர்ற உராய்வுதான் நக்கிளை நகராம வைக்குது. போல்ட் தண்டு மேல சுமை ஏறக்கூடாது. இடைவெளி இருந்தா போல்ட்டோட இறுக்கத்துல ஒரு பங்கு காதை வளைக்கவே செலவாயிடும். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் கிளிக் கொடுக்கும், ஆனா பிடி இருக்காது. மேல் துளை நீளத்துளையா இருந்தா, முதல் குழியிலேயே கேம்பர் (வீலோட சாய்வு) மாறிடும். ஷிம் வச்சது கொஞ்ச நாள் தாங்கினது, அவ்வளவுதான்.

வண்டியை இறக்கினதும் முன்பக்கம் கணக்கைவிட 24 மி.மீ தாழ்ந்து நின்னது. 280 கிலோவுக்கு 6 கிலோ ஸ்பிரிங் ஏறத்தாழ 47 மி.மீ அமுங்கும், 4 கிலோ ஸ்பிரிங் 70 அமுங்கும். வித்தியாசம் 23. 6-க்குப் பதிலா 4 கிலோ ஸ்பிரிங் வந்திருக்கு, காரணம் கண் முன்னாடி நிக்குது. கடைக்காரர் சொன்னது: "புது ஸ்பிரிங் சார், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." செட் ஆனா இன்னும் கீழேதானே போகும்? அதைக் கேட்டதும் பேச்சு மாறினது. "கீழ் பிராக்கெட்டைச் சுத்தி ஏத்திக்கங்க."

இந்த யோசனைதான் ஷாக்கைக் கொன்னது. ஷாக் உடம்புல மரையில ஏறி இறங்குற கீழ் பிராக்கெட்டைச் சுத்தினா வண்டி உயரும், உள்ளே ஷாக்கோட ராடு மேல வராது. மெல்லிய ஸ்பிரிங் ஏற்கெனவே ராடை 23 மி.மீ கூடுதலா உள்ளே தள்ளிடுச்சு, அது அப்படியே கிடக்கும். அமுங்க மிச்சமிருக்கிற தூரம் குறைவு, ஸ்பிரிங்கோ மெல்லிசு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதிகமா அமுங்கும். இதுக்கு மேல, படத்துல மஞ்சள் நிறத்துல தெரிஞ்ச பம்ப் ஸ்டாப் (முழுசா அமுங்கும்போது இடிக்காம தாங்குற மெத்தை) பெட்டியில இல்லவே இல்லை. கேட்டதுக்கு "இந்த மாடல்ல உள்ளேயே இருக்கு சார்." இல்லை. ஷாக் உடம்போட மேல் மூடியில மவுண்ட் இடிச்ச வட்டத் தழும்பு தெளிவா இருக்கு. இரும்பும் இரும்பும் மோதினா எண்ணெயைத் தடுக்கிற சீல் எத்தனை நாள் தாங்கும்?

கழட்டின ஸ்பிரிங்கை இப்ப அளந்தாச்சு. முனையில பெயிண்ட்டைச் சுரண்டி வெர்னியர் வச்சா கம்பி 10 மி.மீ. உள்விட்டம் 65, அதனால நடுவிட்டம் 75. மொத்தம் 8 சுற்று, தட்டையா தேய்ச்ச முனைச் சுற்று ரெண்டையும் கழிச்சா வேலை செய்றது 6. சூத்திரம் எல்லாருக்கும் ஒண்ணுதான்: கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்கை (10×10×10×10), எஃகோட விறைப்பு எண் 79,000-ஆல பெருக்கணும். அதை, நடுவிட்டத்தோட மூணாம் அடுக்கு (75×75×75), வேலை செய்யும் சுற்று, 8 மூணையும் பெருக்கி வர்ற எண்ணால வகுக்கணும். வந்தது மி.மீட்டருக்கு 39 நியூட்டன், அதாவது 4 கிலோகூட முழுசா இல்லை. கம்பி 11 மி.மீ இருந்திருந்தா 5.6 வந்திருக்கும். ஒரு மி.மீ கம்பியில திருடினா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு விறைப்பு போயிடும், கண்ணால பார்த்தா தெரியாது. சந்தேகத்துக்கு பிரஸ்ல எடை மெஷின் மேல வச்சும் பார்த்தாச்சு. லேசா அமுக்கி உட்கார வச்ச பிறகு, அடுத்த 20 மி.மீட்டருக்கு 78 கிலோ ஏறினது. 6 கிலோ ஸ்பிரிங்னா 120 ஏறணும்.

மோனோட்யூப்பும் பொய். மோனோட்யூப்ல நைட்ரஜன் அழுத்தம் அதிகம், ராடைக் கையால அமுக்கிவிட்டா தானாவே வெளியே தள்ளும். எண்ணெய் வழியாத வலது பக்கத்து ஷாக்குலயும் அமுக்கின இடத்துலயே ராடு நிக்குது. முதல் 10 மி.மீ எதிர்ப்பே இல்லாம போகுது.

இதையெல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினதுக்கு வந்த பதில்கள்: "நிமிர்த்தி வச்சு நாலு தடவை அமுக்கிக் காத்து எடுக்கலை நீங்க." எடுத்தாச்சு, பொருத்துறதுக்கு முன்னாடியே ஆறு தடவை. "மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன் போட்டு ராடைச் சுழல விட்டிருப்பீங்க." இல்லை, ஆலன் கீயால ராடைப் பிடிச்சுக் கையாலதான் இறுக்கினது. சுழல விட்டா சீல் போகும்ங்கிறது உண்மைதான், அதனாலதான் அந்தச் சாக்கு அவங்களுக்கு வசதி. ஒவ்வொரு பதிலும் தொழில்ல நிஜமாவே நடக்கிற ஒரு தப்பை நம்ம தலையில கட்டுறது. கடைசியா: "பொருத்தின பொருளை எடுக்க மாட்டோம், ஏழு நாளும் தாண்டிடுச்சு." பொருத்தாம உயரம் தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கப்புறம் போன் எடுக்கலை. மெசேஜைப் பார்க்கிறாங்க, பதில் இல்லை. 84,000-க்கு இதுதான் மரியாதை.

பின் ஸ்பிரிங் ரெண்டுக்கும் உயரத்துல 7 மி.மீ வித்தியாசம். அதைப் பத்தி எழுதவே இப்ப தெம்பு இல்லை.

விரிவா எழுத நினைச்சது முடியலை, அவசரத்துக்கு இது மட்டும்:

பெட்டி திறக்கிறதை வெட்டாம வீடியோ எடுங்க. அன்னிக்கே கம்பி, உள்விட்டம், சுற்று மூணையும் அளங்க. பிராக்கெட் இடைவெளியைப் பழைய ஸ்ட்ரட்டோட ஒப்பிட்டுப் பாருங்க, அரை மி.மீட்டருக்கு மேல வித்தியாசம்னா திருப்பி அனுப்புங்க, ஷிம் வேண்டாம். பம்ப் ஸ்டாப் இல்லாத ஷாக்கைத் தொடாதீங்க. எண் இல்லாத டைனோ வரைபடம் வெறும் படம். ஸ்பிரிங் விறைப்பை எழுத்துல, பில்லுலயே போடச் சொல்லுங்க. இந்த 84,000 பில்லுல "சஸ்பென்ஷன் கிட் 1"ன்னு மட்டும்தான் இருக்கு.

பழைய ஸ்ட்ரட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதைத்தான் இப்ப திரும்ப மாட்டிட்டு இருக்கேன்.