பில்லி அலமாரிக்குப் பெயின்ட்: நாமே அடிப்பதா, ஆள் வைப்பதா?

வெள்ளை பில்லி அலமாரியைக் கரும்பச்சையாக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், அது அசல் மரப் பலகை இல்லை என்பதை முதலில் நினைவில் வையுங்கள். ஐகியா 1979-லிருந்து விற்றுவரும் இந்தப் புத்தக அலமாரிக்குள் இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. வெள்ளையில் மேலே ஒட்டியிருப்பது வழவழப்பான படலம். யார் பிரஷ்ஷைப் பிடித்தாலும் சண்டை அந்த வழவழப்போடுதான்.

ஆள் வைத்தால் என்ன ஆகும்? அலமாரி 80 செ.மீ. அகலம், 28 ஆழம், 202 உயரம். தட்டுகளின் இரு பக்கத்தையும் சேர்த்தால் சுமார் 65 சதுர அடி வரும். சுவர் அடிப்பவருக்கு அது அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் அடிப்பூச்சான பிரைமர் காய வேண்டும், முதல் கோட் காய வேண்டும், அதற்காக மூன்று முறை வந்துபோக வேண்டும். கூலி பேசும்போது அதையெல்லாம் சேர்த்துத்தான் கேட்பார், அது நியாயமும்கூட. நமக்கோ சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதைவிட எனக்குப் பயம் வேறு. அவசரக்காரராக இருந்தால், ‘லேசா பட்டி பார்த்து அடிச்சிரலாம் சார்’ என்பார். சுவர்ப் பட்டி இந்தப் படலத்தில் நிற்காது. நகம் பட்டாலே பொருக்காக உதிரும். ‘இந்த லேமினேட் படலத்துக்கு என்ன பிரைமர் போடுவீங்க?’ என்று கேளுங்கள். பிடிமானத்துக்கென்றே வரும் பிரைமரையோ அரக்கில் செய்த ஷெல்லாக் பிரைமரையோ சொன்னால் நம்பலாம்.

நாமே செய்வதில் பாதி வேலை துடைப்பதும் தேய்ப்பதும்தான். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, 240 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். படலம் கிழிந்து உள்ளே ஈரம் இறங்கினால் பலகை உப்பிவிடும், பிறகு அமுங்காது. தனித்தனிப் பலகைகளாக வந்த புது அலமாரியென்றால், பூட்டுவதற்கு முன்பே அவற்றைத் தரையில் கிடத்தி அடித்தால் பெயின்ட் வழியாது. ஸ்க்ரூ துளைகளிலும் தட்டைத் தாங்கும் பின்களுக்கான துளைகளிலும் டேப் ஒட்ட மறக்காதீர்கள். ஏற்கெனவே பூட்டியதென்றால் நிற்கிறபடியே அடிப்பது மேல். கழற்றிக் கழற்றிப் பூட்டினால் இந்தப் பலகையில் ஸ்க்ரூ பிடி விட்டுப்போகும்.

நம்மால் முடியாத ஒன்று, கதவு. கண் மட்டத்தில் இருக்கும் கதவில் வெளிச்சம் சாய்ந்து விழும்போது ரோலர் தடம் ஒவ்வொன்றும் தெரியும். அங்கே கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வைத்து பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் அடிப்பவரின் கைக்கு ஈடில்லை. அதனால் என் தீர்ப்பு: கூட்டையும் தட்டுகளையும் நாமே அடிக்கலாம், கதவை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பலாம். கதவே இல்லாத அலமாரிக்கு ஆள் தேடுவது வீண் செலவு.

வெள்ளைக்கு வெள்ளையே அடிப்பவர்கள் எண்ணெய் எனாமலைத் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சம் படாத உள்பக்கம் நாளடைவில் மஞ்சளாகும். நீர் எனாமல் அப்படி ஆகாது. எதுவானாலும் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நன்றாக இறுக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், ஐப்பசி மழையில் இன்னும் கூட. நான் நான்காம் நாளே புத்தகங்களை அடுக்கினேன். கனமான ஒரு அகராதி இரண்டாம் தட்டோடு ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் அட்டையின் நீலம் தட்டிலும் தட்டின் பச்சை அட்டையிலுமாக இடம் மாறிவிட்டன.