தலைக்கு முக்கால் கிலோ காய்க்கு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை தோதுப்படுமா?

காயும் பழமும் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளையும் மரவள்ளியும் அந்தக் கணக்கில் சேராது. சோற்றைக் குறைத்துத் தட்டு நிறையக் காயே சாப்பிடுகிறவர்களுக்கு இது போதாது, தலைக்கு முக்கால் கிலோ வேண்டும். நாலு பேர் வீட்டுக்கு மூன்று கிலோ. தோல், காம்பு, கீரைத்தண்டு கழிந்துபோவதைப் பார்த்தால் வாங்க வேண்டியது நாலு கிலோ.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகர்ச் சந்தைதான். 1999 நவம்பர் 14-ல் திறந்தது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் நேரடியாக விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் இருக்கும். ஆனால் நிறையக் காய் தின்பவர்களுக்கு விலையைவிட வரத்துதான் முக்கியம். கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கு, சுரை, சீனியவரை, கீரை என நாட்டுக்காய்க்கு முழு மதிப்பெண் தரலாம். விடியற்காலையில் போனால் கீரை விறைப்பாக இருக்கும், வெயில் ஏறிவிட்டால் அதே கட்டு தொங்கிப்போகும். கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் மலையிலிருந்து வருபவை. அவற்றுக்காக இங்கே வந்து நிற்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. மூட்டைக் கணக்கில் வேண்டுமானால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டே சரி.

வாரத்துக்கு ஒருமுறை வாங்குவது இந்தச் சாப்பாட்டுக்கு ஒத்துவராது. 28 கிலோ எந்த ஃபிரிட்ஜிலும் அடங்காது. வாரம் மூன்று நடை வைத்துக்கொள்ளுங்கள். கீரையையும் வெண்டையையும் முதல் நாளே தீர்த்துவிட வேண்டும். புடலையும் பீர்க்கும் இரண்டாம் நாளுக்கு. பூசணியும் சேனையும் வெளியிலேயே கிடக்கும். (சேனை மாவுச்சத்து, காய்க் கணக்கில் எழுதாதீர்கள்.) கீரையைக் கழுவி ஈரத்தோடு உள்ளே வைத்தால் அழுகும். வேரை வெட்டிவிட்டு, துணியிலோ தாளிலோ சுற்றி வைத்து, சமைக்கும்போது கழுவினால் போதும்.

சமையலில்தான் பலரும் தோற்கிறார்கள். ஒரு கிலோ புடலையை ஒரே வாணலியில் கொட்டினால் நீர்விட்டு அவிந்து கூழாகிவிடும். பொரியல் பொரியலாக இருக்க வாணலி பாதிக்கு மேல் நிறையக்கூடாது, இரண்டு ஈடாகச் செய்ய வேண்டும். உப்பையும் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் இறங்கிவிடும். கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 45 கலோரி. காய் மூன்று மடங்காகும்போது எண்ணெயும் மூன்று மடங்கானால் மெலியலாம் என்ற ஆசையை மறந்துவிட வேண்டியதுதான். முதலில் ஆவியில் முக்கால் பதம் வேகவைத்து, கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துப் புரட்டினால் ருசியும் குறையாது. தேங்காய்த் துருவலிலும் கொழுப்பு உண்டு, ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

முதல் வாரமே முக்கால் கிலோவுக்குத் தாவினால் வயிறு உப்பிக்கொள்ளும். வாரத்துக்கு 100 கிராம் வீதம் ஏற்றி, தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மொச்சை, முட்டைகோஸ், காலிஃபிளவர் மூன்றும் வாயுவுக்குப் பேர்போனவை. தொடக்கத்தில் சுரை, பீர்க்கு, புடலை என்று மெத்தென்ற காய்களாகவே இருக்கட்டும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் தண்டங்கீரையையும் பசலையையும் தினமும் கட்டுக்கட்டாகத் தின்னக்கூடாது, ஆக்சலேட் அதிகம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் ஓரளவு குறையும். சிறுநீரகமே பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். இவர்கள் எல்லாம் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பையைத் தூக்க வேண்டும். கேரட் அளவு மீறி உள்ளங்கை மஞ்சளானால் மட்டும் பதற வேண்டாம், குறைத்தால் போய்விடும். ஆனால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால் அது கேரட் அல்ல, காமாலையாக இருக்கலாம்.

சுரைக்காயை வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். குக்குர்பிட்டாசின் என்ற அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, வாந்தி பேதியில் கொண்டுவிடும். பீர்க்கங்காய்க்கும் இதே சோதனைதான்.