முட்டைக்கு வரும் விடைக்கோழிகளுக்குத் தீவனம்: சிவாஜிநகர்க் கடை ஒன்றின் மதிப்பீடு

பெங்களூரு சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் இந்தத் தீவனக் கடையை, மொட்டை மாடியிலோ வீட்டுப் பின்கட்டிலோ சில கோழிகளை மட்டும் வளர்ப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இங்கே எடை போடுவதற்கு முன்பே கோழியின் வயதைக் கேட்கிறார்கள் என்பதே அதற்கு முதற்காரணம். "அக்கா, கோழிக்கு எத்தனை மாசம் ஆச்சு? கொண்டை செவந்துடுச்சா?" என்று விசாரித்த பிறகுதான் கடைக்காரர் தராசுப் பக்கம் திரும்புகிறார். நான் பார்த்த பல கடைகளில் கோழித் தீவனம் என்று கேட்டால் கைக்கு எட்டிய மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்பது தீவனங்களின் சுண்ணாம்புச்சத்தைப் பார்த்தால் விளங்கும். வளரும் கோழிகளுக்கான குரோவர் தீவனத்தில் கால்சியம் ஏறத்தாழ 1 சதவீதம் இருக்கும். முட்டையிடும் கோழிகளுக்கான லேயர் தீவனத்தில் அது 3.5 முதல் 4 சதவீதம் வரை போகும். முட்டையிடும் காலம் நெருங்காத விடைக்கு, அதாவது இளம் பெட்டைக்கோழிக்கு, லேயர் தீவனத்தைத் தொடர்ந்து போட்டால், உடலுக்குத் தேவைப்படாத கால்சியத்தை வெளியேற்றும் சுமை சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. அந்தப் பாதிப்பு உடனே தெரியாமல், பின்னால் கோழி தொடர்ந்து முட்டையிட வேண்டிய காலத்தில் வெளிப்படும். இதற்கு மாறாக, முட்டையிடத் தொடங்கிய பிறகும் குரோவர் தீவனத்திலேயே விட்டுவைத்தால், ஒரு முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுமார் 2 கிராம் கால்சியத்தைக் கோழி தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். ஓடு கெட்டிப்படாத தோல்முட்டையும் கால் தளர்ச்சியும் அதன் விளைவுகள். இந்த இரண்டுக்கும் நடுவே, முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடுவதால் கோழியின் எலும்பு உட்குழிவில் கால்சியக் கையிருப்பு ஒன்று உருவாகிறது. 2 முதல் 2.5 சதவீதம் கால்சியம் உள்ள முன்முட்டைத் தீவனம் அந்தச் சில நாட்களுக்கானது.

அந்த நாட்கள் எப்போது வரும் என்பதை நாள்காட்டி மட்டும் சொல்லிவிடாது. பண்ணை வகை வெள்ளை லெகார்ன் கோழிகள் 18 முதல் 20 வாரங்களில் முட்டைக்கு வந்துவிடும். நம் ஊர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான கிரிராஜா, சுவர்ணதாரா போன்றவை அவற்றைவிடச் சற்றுப் பிந்தும். நாட்டுக்கோழி ஆறு மாதமும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆகவே கொண்டையும் தாடியும் சிவந்திருக்கின்றனவா, முதுகில் கை வைத்தால் கோழி பதுங்கி உட்காருகிறதா, பின்புறத்து இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கடைக்காரரின் இரண்டாவது கேள்வியை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

முன்முட்டைத் தீவனம் இங்கே எப்போதும் கிடைப்பதில்லை; இதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும். இருப்பு இல்லாதபோது குரோவரையும் லேயரையும் பாதிக்குப் பாதி கலந்து கொடுக்கிறார். கணக்குப் பார்த்தால் கலவையின் கால்சியம் 2.3 சதவீதத்தை ஒட்டி வருவதால், இது ஒப்புக்கொள்ளக்கூடிய மாற்றுதான். முதல் முட்டையைப் பார்த்ததும், ஒரு வாரத்துக்குள் படிப்படியாக முழு லேயர் தீவனத்துக்கு மாறிவிட வேண்டும்.

கடையின் சிறந்த பொருள் கிளிஞ்சல் குருணை. மாவாக அரைக்காமல், 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாகச் சலித்துத் தனிச் சாக்கில் வைத்திருக்கிறார்கள். முட்டை ஓடு படிவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி கோழி இரை எடுக்காத இரவில் கழிகிறது. மாவுச் சுண்ணாம்பு விரைவாகக் கடந்துபோய்விட, பெரிய துண்டுகள், கோழி இரையை அரைக்கும் வயிற்றுப் பகுதியான அரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரைகின்றன. இதைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைப்பதே நல்லது. பொழுது சாயும் வேளையில் கவனித்தால், முட்டைக்கு வந்த கோழி நேரே அந்தக் கிண்ணத்துக்குப் போய்ப் பரபரவென்று கொத்துவதையும், இன்னும் வராத விடை ஒன்றிரண்டு துண்டுகளை உருட்டிவிட்டு நகர்ந்துவிடுவதையும் காணலாம். அருகிலேயே, அரைப்பையில் இரையை அரைக்க உதவும் சிறு கருங்கல் குருணையும் விற்கிறார்கள். அதில் கால்சியம் இல்லை. ஐயம் இருந்தால் இரண்டு துண்டுகள் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள்: கிளிஞ்சல் நுரைக்கும், கருங்கல் சும்மா கிடக்கும்.

லேயர் தீவனத்தின் தரம் நன்று. மக்காச்சோளம் ஒரே சீராக உடைந்திருக்கிறது; சோயாப் புண்ணாக்கின் மணம் புதிதாக இருக்கிறது; சிக்கு வாடை இல்லை. ஆனால் திறந்த மூட்டையின் அடிப்பகுதியில் தூள் மிகுதி. கோழிகள் பருமணியைப் பொறுக்கிவிட்டு வைட்டமினும் தாது உப்பும் சேர்ந்த தூளை ஒதுக்கிவிடும் என்பதால், தட்டு நாளுக்கு ஒருமுறையாவது காலியாகும் அளவுக்கே போட வேண்டும். அல்லது அந்தத் தூளை லேசாக ஈரப்படுத்தி அப்போதே தின்னக் கொடுத்துவிட வேண்டும்.

என் பெரிய மனக்குறை, சில்லறையாகக் கட்டித் தரும் பொட்டலங்களில் தயாரிப்புத் தேதியோ கால்சிய அளவோ எழுதப்படாதது. பெங்களூரு மழைக்காலத்தில் திறந்த மூட்டை ஈரம் வாங்கினால் மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு கோழியின் ஈரலைக் கெடுத்து முட்டையையும் குறைக்கும். மூட்டையில் தைத்திருந்த சீட்டைக் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லாவுக்கு அருகே அடுக்கியிருக்கும் கால்சிய டானிக் புட்டிகளை நான் வாங்குவதில்லை. தீவனமும் கிளிஞ்சலும் சரியாக இருந்தால் அவை வேண்டாத செலவு. இளம் விடைகளின் தண்ணீரில் கலந்தாலோ, மேலே சொன்ன சிறுநீரகச் சுமையைத்தான் கூட்டும். இன்னொன்று, இந்த ஊரில் ராகி போட்டாலே சுண்ணாம்புச்சத்துக்குப் போதும் என்று பலர் நம்புகிறார்கள். தானியங்களில் ராகிக்குக் கால்சியம் அதிகம் என்பது உண்மை. ஆனால் 100 கிராம் ராகியில் இருப்பது சுமார் 0.35 கிராம், முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு உண்ணும் 100 முதல் 110 கிராம் தீவனத்திலிருந்து அதற்குக் கிடைக்க வேண்டியதோ ஏறத்தாழ 4 கிராம். ராகியும் சோறும் கைப்பிடியளவு போதும். மிஞ்சினால் புரதமும் குறைந்துபோகும்.

தமிழ், கன்னடம், உருது எதில் பேசினாலும் பதில் கிடைக்கிறது. சில்லறை விலை மூட்டை விலையைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் நாலைந்து கோழிகளுக்கு 50 கிலோ மூட்டையை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிட, சில வாரங்களுக்கு ஆகும் அளவை வாங்குவதே பாதுகாப்பானது. வண்டி நிறுத்த இடம் இல்லை. மாலையில் சந்தை நெரிசல் கூடிவிடுவதால் காலையில் போய், கையோடு மூடியுள்ள டப்பா ஒன்றையும் கொண்டுபோங்கள். குருணையின் கூர்முனைகள் பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிடுகின்றன.