83 அட்டை, மூன்று குவியல்: வாழ்க்கைக்கு எது முக்கியம் என்று சொல்லும் அட்டைக்கட்டு எப்படி?

வாழ்க்கையில் எது முக்கியம் என்று கேட்டால் குடும்பம், உடம்பு, நிம்மதி மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். நாலாவது எது, பதினோராவது எது என்று கேட்டால்தான் பேச்சு நிற்கும். அங்கே கைகொடுக்க உளவியல் ஆலோசகர்கள் வைத்திருப்பது ‘பர்சனல் வேல்யூஸ் கார்டு சார்ட்’ என்ற அட்டைக்கட்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் இன்னும் மூன்று பேரும் 2001இல் தொகுத்தது. மொத்தம் 83 அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு சொல், அதன் கீழே ஒரு வரி விளக்கம். பொதுவுடைமையாக விட்டுவிட்டதால் யாரிடமும் அனுமதி கேட்காமல் தமிழில் தட்டச்சு செய்து அச்சடித்துக்கொள்ளலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வேண்டாததைக் கழிப்பதற்கு இது அருமையான கருவி. ஒன்று, இரண்டு, மூன்று என்று ரேங்க் போடுவதற்கு சுமார்தான்.

அச்சில்தான் பாதிப் பேர் சொதப்புகிறார்கள். சீட்டுக்கட்டு அளவு, அதாவது 63க்கு 88 மில்லிமீட்டர் வைத்தால் ஒரு ஏ4 தாளில் ஒன்பது அட்டை அடங்கும். பத்து தாளுக்கு 90 அட்டை. 83 போக மீதி ஏழில் மூன்று குவியலுக்குத் தலைப்பு அட்டை மூன்று (‘மிக முக்கியம்’, ‘முக்கியம்’, ‘முக்கியமில்லை’), வெற்று அட்டை நான்கு. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) ஆர்ட் கார்டு கேளுங்கள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் எழுத்து பின்பக்கம் தெரியும், மேலே ஃபேன் ஓடினால் அட்டை பறக்கும். கடலோர ஈரத்தில் கார்டும் ஓரம் சுருளும் என்பதால் மேட் லேமினேஷன் போட்டுவிடுவது நல்லது. பளபள லேமினேஷன் வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்.

புதுச்சேரியில் ஆசிரமத்துக் கையால் செய்த காகிதம் எளிதாகக் கிடைக்கும், அதில் அடித்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். பார்க்க அழகுதான். ஆனால் தாளுக்குத் தாள் தடிமன் மாறும், பிரிண்டரில் சிக்கும், குலுக்கும்போது எந்த அட்டை எது என்று விரலுக்கே தெரிந்துவிடும். இன்னொரு தொல்லை, ஜெராக்ஸ் கடைக்கு வேர்டு ஃபைலைக் கொண்டுபோவது. அங்கே உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வரி ஓடிப்போகும். பழைய டிசைன் மென்பொருளில் திறந்தால் ஒற்றைக்கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று ‘கொ’ சிதறும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். பிரிண்ட் செய்யும்போது ‘ஃபிட் டு பேஜ்’ எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கட்டிங் கோடு தள்ளிப்போகும்.

இனி அடுக்குவது. கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து செய்யலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள், காற்று உங்களுக்கு முன்பே அடுக்கிவிடும். எல்லா அட்டையையும் விரித்தாலும் அரை சதுர மீட்டர்தான் வரும். வீட்டில் ஒரு பாய் போதும். மூலத்தில் அட்டைகள் ஆங்கில அகரவரிசையில் இருப்பதால் முதலில் நன்றாகக் குலுக்கவேண்டும். குலுக்காமல் எடுத்தால் முதலில் வருவதெல்லாம் ‘மிக முக்கியம்’ பக்கம் போய்விடும், கடைசியில் வருபவை களைப்பில் கழிந்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து மூன்று தலைப்பு அட்டையில் ஒன்றின் கீழ் போடுங்கள். ஓர் அட்டைக்குப் பத்து விநாடிக்கு மேல் யோசிக்காதீர்கள். மொத்தம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதல் சுற்றில் ‘மிக முக்கியம்’ குவியலில் நாற்பது அட்டை சேர்ந்துவிடும், அது சகஜம். கல்யாணத்தில் ‘பதினாறும் பெற்று’ என்று வாழ்த்துகிறோமே, கல்வி, ஆயுள், நட்பு, நோயற்ற உடல் என்று நீளும் அந்தப் பட்டியலில் எதையும் கழிக்கச் சொல்வதில்லை. இங்கே அந்தச் சலுகை கிடையாது. நாற்பதை இருபதாக்கி, இருபதைப் பத்தாக்கவேண்டும். கட்டின் உண்மையான வேலை இந்த இடத்தில்தான் நடக்கிறது. ‘புகழ்’ எளிதாக விழும். ‘சௌகரியம்’ விழும்போது கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தைத் துண்டுச் சீட்டில் குறித்துவையுங்கள். கடைசியில் கிடைக்கும் ரேங்க்கைவிட அது பயனுள்ள தகவல்.

பத்து அட்டையை ஒன்றோடொன்று எல்லா ஜோடியாகவும் ஒப்பிட்டால் 45 கேள்வி. அத்தனை வேண்டாம். முதலில் இரண்டை வரிசையில் வையுங்கள். அடுத்து எடுக்கும் ஒவ்வொரு அட்டையையும் வரிசையின் நடுவில் இருப்பதோடு ஒப்பிட்டு, மேலா கீழா என்று முடிவு செய்து, அந்தப் பாதியின் நடுவோடு மறுபடி ஒப்பிடுங்கள். அதிகபட்சம் 25 கேள்வியில் முடியும். கேள்வி எப்போதும் ஒன்றே: ‘அடுத்த ஒரு வருஷத்துக்கு இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எது?’ பொத்தாம்பொதுவாக ‘எது பெரிசு?’ என்று கேட்டால் வருவது மேடைப் பேச்சு.

ரேங்க் சுமார் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பணத்தைவிட உடம்பு, குடும்பத்தைவிடப் பணம், உடம்பைவிடக் குடும்பம் என்று சுற்றிச் சுற்றி வருபவர்கள் உண்டு. அந்த மூன்றையும் ரப்பர் பேண்டு போட்டு ஒரே இடத்தில் வையுங்கள், இழுத்துப்பிடித்துப் பிரிக்கவேண்டாம். இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு கோளாறு. நோய்நொடி இல்லாதவர் உடல்நலத்தை எட்டாவதில் வைப்பார், அதற்காக நடைப்பயிற்சியை நிறுத்திவிட முடியுமா? ஆகவே பத்து அட்டையிலும் பென்சிலால் இப்போது அது எவ்வளவு கைவசம் இருக்கிறது என்று 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். மேலே இருந்தும் எண் 3, 4 என்று நிற்கும் அட்டைகளைத்தான் கவனிக்கவேண்டும். கூடவே போன மாத ஜிபே கணக்கையும் போன வாரம் நேரம் போன விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘நட்பு’ இரண்டாவது இடம், ஆனால் ஒரு வாரமாக ஒரு நண்பருக்கும் போன் செய்யவில்லை என்றால் தெரிந்துவிடும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் மாதத்தையும் பார்க்கவேண்டும். 2011 டிசம்பரில் ‘தானே’, 2024 நவம்பர் கடைசியில் ‘ஃபெங்கல்’ என்று புயல் வரும் பருவம் நமக்குத் தெரிந்ததே. கூரை ஓடு பறந்த வாரத்தில் ‘பாதுகாப்பு’ அட்டை மேலே ஏறத்தான் செய்யும். ஒருமுறை செய்துவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பழைய வரிசையைப் பார்க்காமல் மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் முதல் பத்தில் நிற்பவற்றை மட்டும் நம்பலாம்.

வெற்று அட்டை நான்கையும் வீணாக்காதீர்கள். கட்டு அமெரிக்கக் கட்டு. ‘செல்வம்’ இருக்கிறது, ‘கடன் இல்லாமல் இருப்பது’ இல்லை. சொந்த வீடு, பிள்ளைகள் கல்யாணம், ஊரோடு உறவு விடாமல் இருப்பது ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கருவிகளும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் மில்டன் ரோகீச் 1973இல் வெளியிட்ட பட்டியலில் 18 வீதம் இரண்டு வரிசை. ஆராய்ச்சிக்குச் சரி, வீட்டில் அலுப்பு. பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் ‘பெட்டர் லைஃப் இண்டெக்ஸ்’ 2011இல் வந்தது. வீடு, வருமானம், வேலை என்று 11 தலைப்புகளுக்கு எடை போட்டு நாடுகளை ஒப்பிடலாம். பொழுதுபோகும், எதையும் கைவிடச் சொல்லாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அட்டை காட்டுவது உங்களுக்கு எது வேண்டும் என்பதை. எது சந்தோஷம் தரும் என்பது வேறு கேள்வி. 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு ஆய்வு ஆட்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, நெருங்கிய உறவுகள் நல்லபடி இருப்பவர்களே முதுமையிலும் நலமாக இருப்பதாகக் கண்டது. உங்கள் பத்தில் உறவு சார்ந்த அட்டை ஒன்றுகூட இல்லையென்றால் கழித்த குவியலை இன்னொருமுறை புரட்டுங்கள்.

கணவன் மனைவி செய்வதானால் இரண்டு கட்டு வேண்டும், ஆளுக்கொரு அறையும் வேண்டும். எதிரில் மாமியாரோ மேலாளரோ இருந்தால் ‘கடமை’ தானாக முதலிடத்துக்கு வந்துவிடும். முடித்தபின் பத்தை மட்டும் காட்டிக்கொள்ளுங்கள், வரிசை எண் வேண்டாம்.

83 அட்டையில் ஒன்றுகூட முக்கியமாகத் தோன்றவில்லை, இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றால் அட்டையை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.